அத்தையின் டிரங்குப் பெட்டிக்கும் மற்ற எல்லோருக்கும்

போன வியாழக்கிழமை பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி முடிந்து மயக்கம் தெளிந்ததும் டாக்டர் சொன்ன முதல் வார்த்தை, "சுத்தமா இருக்கு." குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் நடந்து சரியாக ஒரு வருடம். ஆள் ஆளாகப் போய் நன்றி சொல்லத்தான் ஆசை, ஆனால் எனக்கு உதவினோம் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது, சிலரை நான் பார்த்ததே இல்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: எனக்கு 41 வயது. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பதினெட்டு வருடமாகப் புரூஃப் பார்க்கிறேன், அதாவது பிழை திருத்துகிறேன். தினசரி காலண்டர், கல்யாணப் பத்திரிகை, நோட்டு அட்டை, எதுவானாலும் அச்சுக்கு பிளேட் போடுவதற்கு முன்னால் என் மேசைக்கு வந்துதான் போகும். ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் வெளியாகும், அதற்கு முந்தைய இரண்டு மாதம் எங்களுக்கு ராத்திரி பகல் கிடையாது. அப்படி ஒரு சீசனில்தான் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடி ஏறினால் நடுவில் ஒரு தடவை நிற்க வேண்டியிருந்தது. ரத்தம் பார்த்தால் எச்பி (ஹீமோகுளோபின்) 8தான், ரொம்பக் குறைவு. நான் காட்டிக்கொண்டிருந்த இடத்தில் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சாப்பிட்டால் ஏறும், நிறுத்தினால் இறங்கும். ஒன்றரை வருடம் இப்படியே போனது. ஒரு ஆம்பிளைக்கு ரத்தம் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதை இதற்கு மேல் எழுதவில்லை.

முதல் நன்றி அந்த டாக்டரம்மாவுக்கு. நான் போனது என் மகளுடைய காய்ச்சலுக்காக. மகளைப் பார்த்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தவர், கிட்டே கூப்பிட்டுக் கண் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு வரிசையாகக் கேட்டார்: "அப்பா இருக்காரா? எதுல இறந்தார்? அப்ப என்ன வயசு?" குடல் கட்டி, 46 வயது என்றேன். "அவர் கூடப் பிறந்தவங்க?" சித்தப்பாவும் அதே மாதிரிதான், 51 என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த வாரமே கொலனோஸ்கோபிக்கு அனுப்பினார். வலது பக்கப் பெருங்குடலில் கட்டி. அந்தப் பக்கம் கசிகிற ரத்தம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் மலத்தோடு கலந்து போய்விடும், ரத்தசோகை மட்டும்தான் வெளியே தெரியும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். டாக்டரம்மா, டோக்கன் போட்டது என் மகளுக்கு. நீங்கள் காப்பாற்றியது என்னை.

ஆபரேஷன் மதுரையில். வலது பக்கக் குடலை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைத்த சர்ஜனுக்கும், மறுநாளே என்னை எழுப்பி வராந்தாவில் நடக்கவைத்த நைட் டியூட்டி சிஸ்டருக்கும், பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் என்னோடு தரையில் படுத்துக்கிடந்த மச்சானுக்கும் நன்றி. அந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத வராது, பாதி ஞாபகமே இல்லை.

நன்றாக ஞாபகம் இருப்பது, எடுத்த சதையைச் சோதித்துப் பார்க்கும் பெத்தாலஜி டாக்டரின் அறை. எடுத்த கட்டியை மெழுகில் பதித்து பிளாக்காக வைத்திருப்பார்கள், அதிலிருந்து சீவி, குறிப்பிட்ட சில புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயம் ஏற்றிப் பார்க்கும் ஐஎச்சி என்ற சோதனை செய்தோம், புரதம் இருந்தால் பழுப்பாகத் தெரியும் என்றார். நான் அச்சகத்தில் வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும், "நிறம் பார்க்கத் தெரிஞ்ச ஆளு, வந்து பாருங்க" என்று மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார். நாலு சிலைடு. முதல் இரண்டில் கட்டி முழுக்கப் பழுப்புப் புள்ளிகள், சீயக்காய்த் தூள் தூவின மாதிரி. அடுத்த இரண்டில் அதே கட்டி வெறும் நீலமாக இருந்தது. ஆனால் அந்த நீலத்துக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்னப் பழுப்பு. அவை உடம்பின் நல்ல செல்கள், அவற்றில் பழுப்பு ஏறியிருப்பதால் சாயத்தில் கோளாறு இல்லை, கட்டிக்குள்தான் அந்தப் புரதம் இல்லாமல் போயிருக்கிறது என்றார். மை சரியாக இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் தாளின் ஓரத்தில் கலர் பட்டை அடிப்போம், அதே வேலையை அந்தச் செல்கள் செய்கின்றன. காணாமல் போனவை எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என்ற இரண்டு புரதங்கள். அவசரம் இல்லாமல், ஒரு நோயாளிக்காக அரை மணி நேரம் ஒதுக்கிய அந்த டாக்டருக்கு நன்றி. ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரியாக வந்திருந்தால் எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

அந்தச் சிலைடுகளால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. என் கட்டி இரண்டாம் நிலை. இந்தப் புரதம் இல்லாத கட்டிக்கு இரண்டாம் நிலையில் வழக்கமான கீமோ மாத்திரையால் பலன் இல்லை, வேண்டாம் என்று புற்றுநோய் டாக்டர் முடிவு செய்தார். பின்னால் எப்போதாவது திரும்பி வந்தாலும், நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் இந்த வகைக் கட்டிக்குத்தான் நன்றாக வேலை செய்கின்றன, 2017லேயே அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்துவிட்டது என்றும் சொன்னார். அன்று ராத்திரிதான் ஒழுங்காகத் தூங்கினேன்.

அப்புறம் மரபணு ஆலோசகர். அப்படி ஒரு வேலை இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. சின்ன வயசுப் பொண்ணு. கையில் ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் ஒரு கோடு. முதலில் விஷயத்தை என் பாஷையிலேயே விளக்கினார். உடம்பில் ஒரு செல் இரண்டாகும்போது முந்நூறு கோடி எழுத்து கொண்ட புத்தகத்தைப் பிரதி எடுக்க வேண்டும். எடுக்கும்போது தப்பு வரும், ஒரே எழுத்து வரிசையாகத் திரும்பத் திரும்ப வருகிற இடங்களில் நிறையவே வரும். அதைப் பார்த்துத் திருத்துவதுதான் இந்தப் புரதங்களின் வேலை. "உங்க வேலைதான் சார்" என்றார். அந்தப் புரதத்தை உண்டாக்கும் ஜீன் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி நமக்கு வருகிறது. என் குடும்பத்தில் ஒரு பிரதி பிறக்கும்போதே பழுதாக வந்துவிடுகிறது. இன்னொன்று இருக்கும்வரை வேலை ஓடும். குடலில் ஏதோ ஒரு செல்லில் அதுவும் கெட்டுப்போனால் திருத்த ஆள் இல்லை. ஒரு தப்பு பிளேட்டில் ஏறிவிட்டால் லட்சம் பிரதியிலும் அது வரும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்கு லின்ச் சின்ட்ரோம் என்று பெயர். அமெரிக்காவில் நெப்ராஸ்காவைச் சேர்ந்த ஹென்றி லின்ச் என்ற டாக்டர் 1960களிலிருந்து இப்படிப்பட்ட குடும்பங்களின் பின்னாலேயே அலைந்து, இது பரம்பரையாக வருவதுதான் என்று நம்பாதவர்களையும் நம்பவைத்திருக்கிறார். ஆனால் எனக்கு அவரைவிடப் பிடித்துப்போனது அவருக்கும் முந்தைய ஒரு தையல்காரம்மாவின் கதை. 1895இல் மிச்சிகனில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற பெத்தாலஜி டாக்டரின் வீட்டுக்குத் துணி தைத்தவர். ஏன் வாட்டமாக இருக்கிறாய் என்று அவர் கேட்டதற்கு, எங்கள் குடும்பத்தில் எல்லோரும் இந்த வியாதியில்தான் போகிறார்கள், நானும் சீக்கிரம் போய்விடுவேன் என்றாராம். பாலின் கிராஸ் என்பது அவர் பெயர். அவர் சொல்லச் சொல்லத்தான் அந்தக் குடும்பத்தின் கிளைகளை வார்த்தின் எழுதிவைத்தார், 1913இல் அச்சிட்டார். பாலின் சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்துபோனார். நூறு வருடத்துக்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் பழுதான ஜீன் எது என்று கண்டுபிடித்தார்கள். எம்எஸ்எச்2. எனக்கு இருப்பதும் அதே ஜீன்தான். முன்பின் தெரியாத ஒரு அம்மா, வெட்கப்படாமல், மறைக்காமல் தன் வீட்டுச் சாவுகளைச் சொன்னதால் எனக்கு வழி கிடைத்திருக்கிறது. அவருக்கும் என் நன்றி.

இனி பெரிய அத்தை. அப்பாவின் அக்கா, 74 வயது. ஆலோசகர் கேட்ட கேள்விக்கெல்லாம் எனக்குப் பதில் தெரியவில்லை. தாத்தா கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், யார் எந்த வயதில், எதனால்? எங்கள் வீட்டில் "வயித்து வலியில போயிட்டார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். குலதெய்வக் குத்தம் என்றும் சொல்வார்கள். அத்தையிடம் போய்க் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுக்கச் சொன்னார். உள்ளே கல்யாணப் பத்திரிகைகள். 1961இலிருந்து எங்கள் சொந்தத்தில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒன்று, மஞ்சள் தடவினது தடவினபடி, ரப்பர் பேண்டு உருகி ஒட்டிப்போய்.

பத்திரிகை படிப்பதுதானே என் பிழைப்பு. ஆனாலும் அதை இப்படி நான் படித்ததே இல்லை. 1974 பத்திரிகையில் வெறும் பெயராக இருந்த தாத்தா, 1977 பத்திரிகையில் "அமரர்" ஆகியிருந்தார். ஆக, இந்த மூன்று வருடத்துக்குள். சின்ன அத்தை பெயருக்கு முன்னால் 1998இல் "தெய்வத்திருமதி". அவருக்கு அப்போது என்ன வயது என்று கேட்டால், "நான் பெரிய மனுஷியான வருஷம் அவ பொறந்தா" என்று அத்தை கணக்குச் சொன்னார். கர்ப்பப்பையில் புற்று, வெளியே சொல்லாமல் மறைத்தோம் என்பதை அன்றைக்குத்தான் சொன்னார், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த ஜீன் பழுதானால் பெண்களுக்குக் குடலைப் போலவே கர்ப்பப்பையிலும் வரும் என்பது அத்தைக்குத் தெரியாது, அந்த ஒரு தகவலுக்காகத்தான் ஆலோசகர் காத்திருந்தார் என்பது எனக்கும் தெரியாது. சாயங்காலத்துக்குள் நாலு தலைமுறை ஒரு தாளில் ஏறிவிட்டது. அத்தை, நீங்கள் தூக்கிப் போடாமல் வைத்திருந்த அந்தக் காகிதங்களுக்குக் கோடி நன்றி.

ஜீனில் பழுது எங்கே என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்குப் பணம் போட்ட அச்சகத்து நண்பர்களுக்கும் நன்றி. ஆபரேஷன் காப்பீட்டில் முடிந்தது, இந்தச் சோதனைக்குக் கையிலிருந்துதான் கட்ட வேண்டியிருந்தது. எட்டுப் பேர் சேர்ந்து கட்டினீர்கள், கணக்குக் கேட்டால் முறைக்கிறீர்கள்.

முடிவு வந்ததும் தம்பியும் தங்கையும் மறுபேச்சுப் பேசாமல் ரத்தம் கொடுத்தார்கள். பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு. தம்பிக்கு இல்லை, அதனால் அவன் பிள்ளைகளுக்கும் இல்லை. தங்கைக்கு இருக்கிறது. 36 வயது, ஒரு தொந்தரவும் கிடையாது. கொலனோஸ்கோபியில் இரண்டு பாலிப் (சின்னச் சதை வளர்ச்சி) இருந்தன, அங்கேயே எடுத்துவிட்டார்கள். புற்றாக மாறுவதற்கு முன்பே. தங்கச்சி, பயந்தும் வந்தாயே, அதற்கு நன்றி. இருக்கிறது என்று தெரிந்தவர்கள் 25 வயதிலிருந்தே வருடத்துக்கு ஒருமுறை, அதிகம் போனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். என் மகளுக்கு 14. இப்போது சோதிக்க வேண்டாம், 18 ஆனதும் அவளே யோசித்து முடிவெடுக்கட்டும் என்று ஆலோசகர் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது.

லின்ச் உள்ளவர்கள் ஆஸ்பிரின் சாப்பிட்டால் குடல் புற்று வருவது குறையுமா என்று பலர் கேட்கிறீர்கள். இங்கிலாந்தில் ஜான் பர்ன் என்ற மரபியல் டாக்டர் நடத்திய ஆய்வில் லின்ச் உள்ள 861 பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு தினமும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை, யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. 2020இல் வந்த கணக்குப்படி ஆஸ்பிரின் சாப்பிட்ட 427 பேரில் 40 பேருக்குக் குடல் புற்று வந்தது, மற்ற 434 பேரில் 58 பேருக்கு வந்தது. பலன் தெரியவே பல வருடம் ஆகியிருக்கிறது. என் டாக்டர் வயிற்றுப்புண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள், ரத்தக்கசிவு வரும். என்ன மாத்திரை என்றே தெரியாமல் வருடக்கணக்கில் விழுங்கிய அந்த 861 பேருக்கும் நன்றி.

கதவைத் திறக்காத சொந்தக்காரர்களும் உண்டு. பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், இதைப் பேசாதே என்றார்கள். எனக்குக் கோபம் இல்லை, எனக்கும் மகள் இருக்கிறாள். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். நாம் அத்தை மகன், மாமா மகள் என்று சொந்தத்தில் கட்டுகிறவர்கள். இரண்டு பக்கமும் இந்தப் பழுது இருந்தால் பிள்ளைக்கு இரண்டு பிரதியும் கெட்டதாகவே வர நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது, அப்படி வந்தால் குழந்தைப் பருவத்திலேயே புற்றுநோய் வரும். பெண் கேட்டு வருவதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ரிப்போர்ட் நகல் என்னிடம் இருக்கிறது. எந்த ஜீனில் எந்த இடத்தில் என்று அதில் இருப்பதால் உங்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும். யாரிடமும் மூச்சு விட மாட்டேன்.

கடைசியாக ஒரு விஷயம். 1974 பத்திரிகையில் தாத்தாவின் தம்பி பெயருக்குப் பக்கத்தில் "கோலார் தங்கவயல்" என்று போட்டிருக்கிறது. சுரங்க வேலைக்குப் போனவர். அவருக்கு மூன்று பிள்ளைகள் என்பது வரைதான் அத்தைக்கு ஞாபகம். அதற்குப் பிறகு வந்த பத்திரிகைகளில் அவர் பெயரே இல்லை. தாளில் அவர் சதுரத்துக்குக் கீழே மூன்று கோடு இழுத்து அப்படியே விட்டிருக்கிறோம். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் கோலாருக்குப் போன குடும்பம் என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருந்தால், அந்த வீட்டிலும் வயித்து வலியில் இளவயதில் போனவர்கள் இருந்தால், தயவுசெய்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.