பழைய பந்தயக் கார்களை ஏன் ஓட்ட வேண்டும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

செல்டன்ஹாம், இங்கிலாந்து

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பட்டறைப் பொறுப்பை மகன் ஏற்றுக்கொண்ட பிறகும் நீ காலையில் முதல் ஆளாகப் போய் லேத் முன்னால் நிற்கிறாய் என்று படித்து மகிழ்ந்தேன். தங்கச்சிக்கு முழங்கால் வலி இப்போது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, உலகில் சில நூறு மட்டுமே செய்யப்பட்ட ஒரு காரை அருங்காட்சியகத்தில் வைத்துக் காப்பாற்றாமல் எதற்காகப் பந்தயத்தில் ஓட்டித் தேய்க்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி என்பதால் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

படத்தில் நீ பார்த்தது 1930களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட ஃப்ரேசர் நாஷ். இங்கே என் நண்பர் ஒருவருடையது. பந்தய நாட்களில் அவருக்குத் துணையாக ஸ்பேனரும் கிரீஸ் டப்பாவும் எடுத்துக்கொண்டு நானும் போகிறேன். ஆர்ச்சிபால்ட் ஃப்ரேசர் நாஷும் காட்ஃப்ரேயும் 1910இல் ஜி.என். என்ற பெயரில் மலிவான, எடை குறைந்த கார்களைச் செய்யத் தொடங்கினார்கள். அவர்கள் பிரிந்த பிறகு, ஜி.என். காரின் சங்கிலி இயக்கத்தையே அடிப்படையாக வைத்து ஃப்ரேசர் நாஷ் தன் பெயரில் கார் செய்தார். 1929இல் நிறுவனம் ஆல்டிங்டன் சகோதரர்களின் கைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர் வரை செய்யப்பட்ட சங்கிலிக் கார்கள் மொத்தமே சுமார் 350 தான்.

இதன் அமைப்பு உனக்கு மிகவும் பிடிக்கும். வழக்கமான கியர்பாக்ஸ் இதில் கிடையாது. கிளட்ச்சிலிருந்து வரும் தண்டு, சுழற்சியின் திசையைத் திருப்பும் ஒரு பெவல் கியர்ப் பெட்டியில் முடிந்து, காரின் குறுக்கே கிடக்கும் இன்னொரு தண்டைச் சுழற்றுகிறது. அந்தக் குறுக்குத் தண்டில் ஒவ்வொரு கியருக்கும் ஒரு ஸ்ப்ராக்கெட் (சங்கிலிப் பல்சக்கரம்), பின் ஆக்சிலில் அதற்கு நேராக இன்னொரு ஸ்ப்ராக்கெட், இரண்டுக்கும் நடுவே ஒரு சங்கிலி. கார் ஓடும்போது எல்லாச் சங்கிலிகளும் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்தக் கியர் வேண்டுமோ அதன் ஸ்ப்ராக்கெட்டை மட்டும் பற்களால் கோத்துக்கொள்ளும் டாக் கிளட்ச் ஒன்று தண்டோடு பூட்டிவிடும். நாளைய பந்தயப் பாதை செங்குத்தானது என்றால் இன்று மாலையே ஸ்ப்ராக்கெட்டை மாற்றி வேறு விகிதம் வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் மற்றக் கார்க்காரர்கள் அதே வேலைக்குப் பின் ஆக்சிலையே பிரிக்க வேண்டியிருந்தது.

வளைவில் இரண்டு பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிவிடும் டிஃபரென்ஷியலும் இல்லை. பின் சக்கரங்கள் இரண்டும் எப்போதும் ஒரே வேகத்தில் சுழல்வதால், வளைவில் கார் திரும்ப மறுத்து நேராகவே போகப் பார்க்கும். ஆகவே ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பின்பக்கத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, அந்த வழுக்கலிலேயே வளைவைக் கடக்கிறார். நிறுத்திவைத்த காரைச் சுற்றிப் பார்ப்பவருக்கு இந்த நடத்தை எந்த விதத்திலும் புரியாது. பின் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை ஏன் குறைத்தார்கள், சங்கிலி எந்த அளவுக்குத் தளர்ந்திருக்கலாம் என்பதெல்லாம் ஓடும் காரில் மட்டுமே தெரிகிற செய்திகள். என் பதிலின் சாரம் இதுதான். காரின் உடல் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். ஓட்டுவதும் பழுது பார்ப்பதுமான அறிவு ஒரு தலைமுறைக்குள் போய்விடும்.

இந்த அறிவைக் காப்பவர்கள் பெரும்பாலும் தொழில்முறைப் பந்தய வீரர்கள் அல்லர். விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் என்ற சங்கம் 1934இல் தொடங்கியது. 1930ஆம் ஆண்டு முடிவதற்குள் செய்யப்பட்ட கார்களைத்தான் அது விண்டேஜ் என்று ஏற்கிறது. 1930களின் தரமான கார்களுக்கும் அதன் பந்தயங்களில் இடம் உண்டு. எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பிரெஸ்கட் மலைப்பாதையில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் அவர்கள் கூடுகிறார்கள். 1938 முதல் பந்தயம் நடக்கும் அந்தப் பாதை இன்று ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். உர்ஸ்டர்ஷயரில் உள்ள ஷெல்ஸ்லி வால்ஷ் இன்னும் பழையது. 1905 முதல் அங்கே கார்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொருவராகக் கடிகாரத்தை எதிர்த்து ஏறுவதுதான் போட்டி. வட்டப் பாதைகளில் ஹேண்டிகேப் முறை உண்டு: மெதுவான கார் முதலில் புறப்படும், வேகமானது கடைசியில் புறப்பட்டுத் துரத்தும். கணக்குச் சரியாக இருந்தால் 747 சி.சி. ஆஸ்டின் செவனும் பெரிய பென்ட்லியும் கடைசிச் சுற்றில் அருகருகே வந்து சேரும். பரிசு பெரும்பாலும் ஒரு சிறிய கோப்பைதான். வென்றவரும் தோற்றவரும் மாலையில் ஒரே காரின் அடியில் படுத்துக்கொண்டு பழுது பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். வேறு எந்த விளையாட்டிலும் எனக்கு அவ்வளவு மதிப்புத் தோன்றியதில்லை.

சில்வர்ஸ்டோனுக்கு அவர்களோடு போகும்போதெல்லாம் நம் சோழவரம் நினைவுக்கு வருகிறது. இரண்டுமே போர்க்கால விமான ஓடுதளங்கள், இரண்டுமே போருக்குப் பின் பந்தயத் தடங்கள் ஆனவை.

அசல் எது என்ற கேள்வியையும் நீ தொட்டிருந்தாய். உடைந்ததை மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் பழைய காரில் என்ன மிஞ்சும் என்ற உன் சந்தேகம் இங்கே நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் காருக்கு ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று பெயர். பின்னர் அது இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் தடத்துப் பந்தயங்களுக்காகத் திரும்பத் திரும்ப மாற்றிக் கட்டப்பட்டு, 8 லிட்டர் எஞ்சினும் பெற்றது. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கோடி பவுண்டு விலைக்கு விற்பனை பேசப்பட்டபோது, வாங்க ஒப்புக்கொண்டவர்கள் இது அந்தக் கார் அல்ல என்று வாதிட்டார்கள். 1929இல் லெ மானில் ஓடிய பாகங்களில் மிகச் சிலவே எஞ்சியிருந்தன என்றாலும், அதன் வாழ்க்கை அறுபடாமல் தொடர்ந்து வந்திருப்பதால் இது அதே கார்தான் என்று 1990இல் தீர்ப்பு வந்தது. எனக்கு அந்தத் தீர்ப்பு சரியென்றே படுகிறது. பந்தயக் கார் பிறந்த நாளிலிருந்தே பாகங்களை மாற்றிக்கொண்டு வாழும் பொருள்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: மாற்றியதை மறைக்கக் கூடாது. எம்.ஜி. நிறுவனத்தின் கே3 பந்தயக் கார்கள் மொத்தம் 33 தான் செய்யப்பட்டன. 1933இல் வட அயர்லாந்தின் அல்ஸ்டரில் இத்தாலிய வீரர் நுவோலாரி டூரிஸ்ட் டிராஃபி பந்தயத்தை வென்றது அவற்றில் ஒன்றில்தான். அதே நிறுவனத்தின் சாதாரண மேக்னெட் காரின் சேசிஸ் (அடிச்சட்டம்) மீது கே3 போலவே கட்டப்பட்ட கார்கள் பின்னாளில் பல வந்தன. அவையும் நன்றாக ஓடுகின்றன, ஓடட்டும். இன்ன சேசிஸ், இன்ன எஞ்சின், இன்ன ஆண்டு மாற்றியது என்று உண்மையான பதிவேடு இருக்கும்வரை யாருக்கும் தீங்கில்லை. பொய்ப் பதிவேட்டோடு ஏலத்துக்கு வரும் காரைக் கண்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. முதலீடு என்று வாங்கி, ஒருமுறைகூட எஞ்சினை எழுப்பாமல் பூட்டிவைப்பவர்கள்மீது வருத்தமே அதிகம்.

ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. போருக்கு முந்தைய கார்கள் பலவற்றில் இருக்கைப் பட்டை கிடையாது. கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளையமும் கிடையாது. தொண்ணூறு ஆண்டு உழைத்த இரும்பு எந்த வளைவில் களைத்து முறியும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் குளிர்காலத்தில் ஸ்டியரிங் கைகளையும் ஆக்சில் தண்டுகளையும் கழற்றி விரிசல் சோதனைக்கு அனுப்புகிறார்கள். சந்தேகமான பாகத்தை இ.என்.24 என்ற உறுதியான எஃகில் புதிதாகக் கடைகிறார்கள். 2021இலிருந்து இங்கே சாதாரணப் பெட்ரோலில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் குழாய்களையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. சங்கிலிக்கார்களின் உரிமையாளர்கள் வரைபடங்களைத் திரட்டிவைத்து, பாகங்களை ஒன்றாகச் செய்வித்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். பந்தயம் நின்றால் அந்த வார்ப்பு வேலையும் கடைசல் வேலையும் கேட்பாரில்லாமல் போகும்.

இந்த இடத்தில்தான் எனக்கு உன் உதவி வேண்டும். நண்பரின் காரில் இரண்டாம் கியரின் டாக் கிளட்ச் பற்கள் முனை மழுங்கி, கியர் தானாக நழுவுகிறது. புதிது செய்யத் தீர்மானித்துவிட்டோம். மேற்பரப்பை மட்டும் கடினமாக்கி உள்பகுதியை மெத்தென்று விடுவதா, அல்லது எஃகு முழுவதையும் ஒரே பதத்துக்குக் கொண்டுவருவதா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. பற்கள் ஒவ்வொரு மாற்றத்திலும் இடித்துத்தான் பூட்டிக்கொள்கின்றன என்பதால், மேல்தோல் அதிகம் கடினமானால் செதில் செதிலாக உதிரும் என்று நான் அஞ்சுகிறேன். பம்பு, கியர் வேலையில் நாற்பது ஆண்டு கண்டவன் நீ. எத்தனை ஆழத்துக்குக் கடினமாக்கலாம், எந்த எஃகு நல்லது என்று எழுது. அளவுகளோடு வரைபடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்