பொருள்: மாளிகை அறைக்குப் பணம் வாங்கிக்கொண்டு பின்புறக் கட்டடத்தில் தங்கவைத்தது, பணத்தைத் திருப்பித் தராமல் அலைக்கழிப்பது குறித்து

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த மே மாதம் உங்கள் செட்டிநாட்டு விடுதியில் குடும்பத்தோடு தங்கினோம். இரண்டு அறை, இரண்டு இரவு, அறை ஒன்றுக்கு ஓர் இரவுக்கு 11,500 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியோடு 54,280 ரூபாய் முன்கூட்டியே கட்டிவிட்டேன். அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டுத்தான் இன்றுவரை அலைந்துகொண்டிருக்கிறேன். விடுதியில் கேட்டால் சென்னையைக் கேளுங்கள் என்கிறார்கள். சென்னையில் கேட்டால், புக்கிங் ஆப்பில் கட்டிய பணம், அங்கே கேளுங்கள் என்கிறார்கள். ஆப்காரர்களோ விடுதி சரி என்று சொன்னால் உடனே அனுப்புகிறோம் என்கிறார்கள். என் பணம் யாரிடம்தான் இருக்கிறது?

நான் பதிவு செய்தது மாளிகைக்குள், வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியிருக்கும் அறைகள். உங்கள் வீட்டைப் பற்றி உங்களுக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. முகப்பு எது, வளவு எது, இரண்டாங்கட்டு எது, தோட்டத்துப் பக்கம் நேற்றுக் கட்டிய கான்கிரீட் கட்டடம் எது என்று உங்களுக்குத் தெரியும். எங்களைத் தங்கவைத்தது அந்தக் கான்கிரீட் கட்டடத்தில். மாளிகையில் சினிமா ஷூட்டிங் நடக்கிறது என்று ரிசப்ஷனில் பெட்டியை இறக்கிய பிறகுதான் சொன்னார்கள். ஷூட்டிங் என்பது அன்று காலையில் முடிவாகிற காரியமா? முன்னாலேயே தெரிந்திருந்தும் ஒரு போன் செய்யவில்லை.

இதைவிட என்னை நோகடித்தது சென்னைப் பயணம். "ஒரிஜினல் பில்லோடு சனிக்கிழமை நேரில் வந்தால் முடித்துவிடலாம்" என்று உங்கள் முன்பதிவுப் பிரிவு ஊழியர்தான் சொன்னார். அதை நம்பி திருச்சியிலிருந்து காலைப் பல்லவன் ரயிலில் ஏறி, எழும்பூரில் இறங்கி, மதிய வெயிலில் ஆட்டோ பிடித்து வந்தால், வாசலில் இருந்த செக்யூரிட்டி, சனிக்கிழமை ஆபீஸ் லீவு என்கிறார். அங்கேயே நின்று அதே ஊழியருக்குப் போன் செய்தேன். "லீவுன்னு கூகுள்லயே போட்டிருக்குமே சார், பார்க்கலையா?" என்றார். வரச் சொன்னதே அவர்தான்! நான் சத்தம் போட்டதும், "அதான் பழைய வீட்டைப் பார்த்துட்டீங்கல்ல, அப்புறம் எதுக்கு ரீஃபண்ட்?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பெயர் கேட்டதற்கும் சொல்லவில்லை. உங்கள் அழைப்புப் பதிவில் குரல் இருக்கும், தயவுசெய்து நீங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பார்த்தோம், உண்மைதான். ஷூட்டிங்காரர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் உங்கள் மேனேஜர் எங்களை வளவுக்குள் கூட்டிப்போனார். தரையெங்கும் ஒயரும் லைட்டும் கிடந்தன. என் தாயாருக்கு 76 வயது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவரை, ஷாட் ரெடி என்று வெளியே போகச் சொன்னார்கள்.

நாங்கள் சும்மா ஊர் சுற்ற வரவில்லை. என் தாயார் பிறந்த வீடு அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. பங்காளிகள் பெருகி, ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, ஓடு மாற்றக்கூட ஒன்றுசேர முடியாமல் கடைசியில் விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் இடித்தார்கள். பர்மா தேக்குத் தூணும் நிலையும் கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போய்விட்டன. அப்படி ஒரு வளவில் இன்னும் ஒரே ஒரு ராத்திரி படுக்க வேண்டும், காலையில் முற்றத்தில் வெயில் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டதற்காகத்தான் உங்கள் விடுதியைத் தேர்ந்தெடுத்தேன். முன்பதிவு செய்தபோதே இதையெல்லாம் எழுதியிருந்தேன். "நிச்சயம் செய்து தருகிறோம்" என்ற உங்கள் பதில் என்னிடம் இருக்கிறது.

அறைத் தரையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் விளம்பரத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்த அறைகள் என்று இருக்கிறது. எங்கள் அறையில் இருந்தது பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. ஆத்தங்குடிக் கல்லில் இருக்கிற மாதிரியே சிவப்பும் பச்சையுமாக அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். பாத்ரூம் வாசலில் அது பெயர்ந்து சுருண்டிருந்தது. அதில் கால் தட்டித்தான் என் தாயார் தடுமாறினார். குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, "இது கல்லு இல்லப்பா" என்றார். கண்ணாடியின் மேல் கையால் கலர் சிமெண்ட் ஊற்றி, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துச் செய்கிற கல் அது. ஆத்தங்குடியில் இன்றும் செய்கிறார்கள், உங்கள் விடுதிக்கு வெகு தூரமும் இல்லை. அந்த ஊருக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு பிளாஸ்டிக்கை ஒட்டிக் காசு வாங்க எப்படி மனசு வந்தது?

ஏசி முதல் ராத்திரியே நின்றுவிட்டது. சுண்ணாம்புச் சுவரும் உயரமான கூரையும் உள்ள மாளிகையில் ஃபேனே போதும், அந்தக் கான்கிரீட் பெட்டியில் மே மாதப் புழுக்கம் எங்களை வேகவைத்து எடுத்தது. சாப்பாடு கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி என்று போட்டிருந்தீர்கள். வந்தது பிரெட்டும் ஆம்லெட்டும். அந்தப் பில்லிலும் எங்களைக் கேட்காமலே சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருக்கிறீர்கள். அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டுவிட்டது. டெல்லி உயர்நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. இத்தனை பெரிய நிறுவனத்துக்கு இது தெரியாமல் இருக்காது.

பணம் மட்டுமா போனது? அந்த இரண்டு நாளோடு என் தாயாரின் உடம்பே தளர்ந்துவிட்டது. இன்னொரு தடவை அவரை அழைத்து வர முடியுமா என்று தெரியவில்லை. எத்தனை லட்சம் கொடுத்தாலும் அது ஈடாகாது.

ஐயா, உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. பழைய வீடுகளை இடிய விடாமல் காப்பாற்றி நடத்துவது நல்ல காரியம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதனால்தான் முதலில் உங்களுக்கே எழுதுகிறேன். 15 நாளுக்குள் 54,280 ரூபாயும் சர்வீஸ் சார்ஜும் என் வங்கிக் கணக்குக்கு வந்து சேர வேண்டும். என் தாயார் பெயருக்கு எழுத்தில் ஒரு வருத்தக் கடிதமும் வேண்டும். இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டு, திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். இந்தத் தடவை பில்லைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்கு வர வேண்டியவர்கள் நீங்கள்.

ரசீது, உங்கள் மின்னஞ்சல், தரையின் படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். பதில் சொல்ல வேறு யாரையாவது பேசச் சொல்லுங்கள். அந்த ஊழியர் மட்டும் எனக்குப் போன் செய்யக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
திருச்சி.