நெல்லை உள்ளூர் ரயிலுக்கு முதல் தேவை இரட்டைப் பாதையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாஞ்சி மணியாச்சி–நாகர்கோவில் இரட்டைப் பாதை 2024 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டதிலிருந்து, நெல்லையிலிருந்து செல்லும் தென்காசி, திருச்செந்தூர் ஒற்றைப் பாதைகளையும் இரட்டிப்பாக்க வேண்டும் என்ற குரல் வலுத்திருக்கிறது. ஆசை நியாயமானதே. ஆனால் அதற்கான பணம் வரும்வரை காத்திருந்தால், சேரன்மகாதேவியிலும் குரும்பூரிலும் ஏறுகிறவர்களுக்கு இன்னும் பல ஆண்டுகள் பேருந்துதான் கதி.

ஒற்றைப் பாதையில் எத்தனை வண்டி ஓடலாம் என்பதை ரயில்வேயே ஸ்காட் சூத்திரத்தால் கணக்கிடுகிறது. இரண்டு கிராசிங் நிலையங்களுக்கு (எதிரெதிர் வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிடும் இடங்களுக்கு) இடையே மிக நீளமான தூரத்தைக் கடக்கும் நேரம், அதோடு பிளாக், அதாவது அடுத்த வண்டியைப் பாதையில் விடும் அனுமதி, கொடுத்து வாங்கும் சுமார் 5 நிமிடம். இந்தக் கூட்டுத்தொகையால் ஒரு நாளின் 1,440 நிமிடத்தை வகுத்து, நடைமுறைத் தடைகளுக்கு இடம்விட 0.7-ஆல் பெருக்க வேண்டும். கடக்க 30 நிமிடம் ஆனால் நாளுக்கு 28 வண்டி. நடுவில் ஒரு கிராசிங் நிலையம் அமைத்து அதை 15 நிமிடமாகப் பிரித்தால் 50 வண்டி. காலை 7 முதல் 10 மணி வரை மட்டும் பார்த்தால், இரு திசையும் சேர்த்து 3 வண்டி ஓடுகிற இடத்தில் 6 ஓடும். அலுவலகம், கல்லூரி போகிறவர்களுக்கு இந்த மூன்று மணி நேரம்தான் முக்கியம்.

கிராசிங் நிலையத்தில் வண்டி ஒதுங்கி நிற்க லூப் லைன் என்ற பக்கப் பாதை போட்டால் மட்டும் போதாது, அதற்குள் வண்டியைத் திருப்பும் பாயிண்ட் எது என்பதும் முக்கியம். 8.5-க்கு 1 என்ற கூர்மையான திருப்பமுள்ள பாயிண்டில் வண்டி 15 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஊர்ந்து போகும். வளைந்த சுவிட்சுடன் (நகரும் தண்டவாள நுனியுடன்), மெல்ல விலகும் 12-க்கு 1 போட்டால் 30 கிடைக்கும். டெண்டரில் இதைக் கவனிக்காமல் விட்டால், கிராசிங் வைத்தும் ஒவ்வொரு சந்திப்பிலும் நிமிடங்கள் வீணாகும்.

அடுத்தது நடைமேடை. தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் உயரமுள்ளதுதான் உயர்மட்ட நடைமேடை. தாழ்ந்த நடைமேடையில் பூக்கூடையோடு ஒரு பாட்டி படியேறி, கூடையை மேலே வாங்கி முடிப்பதற்குள் ஒரு நிமிட நிறுத்தம் மூன்று நிமிடமாகிவிடும். பத்து நிறுத்தத்தில் இருபது நிமிடம் போச்சு! நிலைய முகப்புக்கு வளைவும் விளக்கும் வைக்கிற பணத்தில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்கலாம்.

இரண்டு பாதைகளிலும் மின்கம்பி வந்தாயிற்று. எனவே மெமு, அதாவது இரு முனையிலும் ஓட்டுநர் அறையுள்ள, தனி இன்ஜின் வேண்டாத மின்சார ரயில், கேட்பதில் தவறில்லை. திருச்செந்தூரில் இன்ஜினைக் கழற்றி, மறுமுனைக்குக் கொண்டுவந்து, கோத்து, பிரேக் சோதனை போட வேண்டியதில்லை. ஓட்டுநர் அந்தக் கடைசிக்கு நடந்து போனால் வண்டி தயார். அடிக்கடி நின்று கிளம்பும் பாதைக்கு அதன் இழுவிசையும் பொருத்தம். சிக்கல் பராமரிப்பில்தான். கொல்லத்தில் மெமு ஷெட் இருக்கிறது. ஆனால் செங்கோட்டை–புனலூர் மலை ஏற்றத்தில் மெமுவை அனுப்பி வாங்குவது எளிதல்ல. நாகர்கோவில், திருவனந்தபுரம் வழியாகச் சுற்றி அனுப்பலாம், அல்லது நெல்லையிலேயே பரிசோதனைக்கு ஒரு பிட் லைனை (வண்டியின் அடிப்பகுதியைப் பார்க்கக் குழியுள்ள பாதையை) ஒதுக்க வேண்டும். வண்டியை மட்டும் கேட்டு இதைக் கேட்காமல் விட்டால் வந்த மெமுவும் திரும்பிப் போய்விடும்.

திருச்செந்தூர் பாதைக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் அருகே ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியதைப் படத்தில் எல்லோரும் பார்த்தோம். ரயில் கரை குறுக்கே நிற்கும்போது, குளம் உடைத்து வரும் தண்ணீருக்குப் போக வழி வேண்டும். கரையை மீண்டும் கட்டியது சரி; பாலக் கண்களை அகலப்படுத்தி எண்ணிக்கையையும் கூட்டாமல் எந்த நவீனமயமும் நிலைக்காது.

இனி பணம். பயணச் செலவில் 57 சதவீதத்தையே வசூலிப்பதாக ரயில்வே டிக்கெட்டிலேயே அச்சடித்தது. அதனால் உள்ளூர் வண்டியை அது தானாகக் கூட்டும் என்று எதிர்பார்ப்பதில் பயனில்லை. மேம்பாலங்களுக்கு மாநிலமும் ரயில்வேயும் பாதிப் பாதி செலவு ஏற்பது வழக்கத்தில் உள்ளதுதான். அதே முறையில் கிராசிங் நிலையங்களுக்கு மாநிலம் பங்கு தரலாம், டெபாசிட் வேலையாக, அதாவது பணத்தை முன்கூட்டியே ரயில்வேயிடம் கட்டி. நடைமேடை உயர்த்த, கூரை போட, நாடாளுமன்ற உறுப்பினரின் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதியைக் கேட்கலாம். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி உறுப்பினர்கள் மூவரும் சேர்ந்து, எந்த இரு நிலையங்களுக்கு நடுவே முதல் லூப் வேண்டும் என்று மதுரைக் கோட்டத்திடம் எழுத்தில் கேட்டு, அந்த வேலையை அடுத்த பட்ஜெட்டின் பிங்க் புக் எனப்படும் ரயில்வே பணிப் பட்டியலில் ஏற்ற வேண்டும்.

இப்படிக்கு,
ரயில் பயணிகள் சிலர்,
அம்பாசமுத்திரம்