பத்து மணி நேர வெளிச்சம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சூடேற்றாத பாலித்தீன் குடில்களில் பயிர் வளர்ப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். அடுப்பும் இல்லை, மின்சாரமும் இல்லை, வளைத்த குழாய்மேல் ஒரு தாள். அதன் சிக்கனத்தைக் கட்டுரையாளர் நன்றாகவே சொல்லியிருந்தார். ஆனால் ‘குளிர்காலம் முழுக்க விளைச்சல்’ என்ற வரியை நம்பி யாராவது குளிர் வந்தபிறகு விதை தூவிவிடப் போகிறார்கள். முதல் வருடம் நான் செய்தது அதுதான். பாலக் முளைத்தது, இரண்டு இலை விட்டது, அப்புறம் இரண்டு மாதம் அப்படியே நின்றது. சாகவுமில்லை, வளரவுமில்லை.

பாலக் குளிரைத் தாங்கும். வெளிச்சம்தான் போதவில்லை. பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே போனால் பெரும்பாலான பயிர்களின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். (பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 32 டிகிரிக்கு மேல் தள்ளியிருப்பவர்களுக்குத்தான் இந்தக் கவலை.) பகல் அந்த அளவுக்குச் சுருங்கும் நாளைக் காலண்டரில் வட்டமிட்டு, அதற்குள் பயிர் முக்கால்வாசி வளர்ந்துவிடும்படி முன்கூட்டியே விதைக்க வேண்டும். அதன்பின் குடில் ஒரு குளிர்பெட்டி மாதிரிதான். வேண்டும்போது போய்ப் பறித்துக்கொள்ளலாம். குளிர் பட்ட கேரட் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்வதால் இனிப்பும் கூடும்.

இன்னொன்று. ஒற்றைத் தாள் இரவில் சில டிகிரிதான் காப்பாற்றும். சாதாரண பாலித்தீன் வழியாக மண்ணின் வெப்பக்கதிர் தப்பிவிடும். மேகமும் காற்றும் இல்லாத ஓர் இரவில் வெளியைவிட உள்ளே குளிர் அதிகமாக இருந்ததைப் பார்த்து, வெப்பமானிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்! பாத்திமேல் சிறு கம்பி வளைத்து, இலையில் படாதபடி மெல்லிய பயிர்த்துணி போர்த்தியபிறகுதான் நிலைமை சரியானது.

பகலில் கதை தலைகீழ். வெயில் அடித்தால் வெளியே நடுங்கும் நாளிலும் உள்ளே வேகும். பக்கத் தாளைச் சுருட்ட நான் சோம்பிய ஒரு வாரத்தில், மேலே வியர்த்த நீர் இலைகளில் சொட்டி, லெட்யூஸ் முழுக்கச் சாம்பல் பூஞ்சணம். குளிர் மாதங்களில் தண்ணீரும் மிகக் கொஞ்சம் போதும். அதேசமயம் மழையே படாத மண்ணில் உப்பு மேலே தங்கும் என்பதால், தாள் மாற்றும்போது சில வாரம் மண்ணை மழையில் நனையவிடுவது நல்லது.

அட்சரேகை வாரியாக அந்த 10 மணி நேர நாள் எப்போது வருகிறது என்று ஓர் அட்டவணை போட முடியுமா? அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்