சாவி கொடுக்கும்போது அல்ல, அறிவிக்கும்போதே கூப்பிடுங்கள்

சிங்கப்பூரில் அரசாங்க வாடகை அடுக்குமாடி புளோக்குகளை மறுமேம்பாட்டுக்காகக் காலி செய்யும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

இன்னொரு புளோக் காலியாகிறது. சாவி கொடுக்க மூன்று வாரம் இருக்கும்போது, தொண்டூழியர்கள் கிடைப்பார்களா என்று கேட்டு மின்னஞ்சல் வந்தது. பெட்டி தூக்க மூன்று வாரம் தாராளம். மற்ற வேலைகளுக்குப் போதாது.

அடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டில் சிலிண்டர், புது வீட்டில் குழாய் எரிவாயு. தனியாக இருக்கும் பாட்டி பழைய அடுப்பைத்தான் கொண்டுபோவார். சிலிண்டர் எரிவாயுவுக்கு வெப்பம் அதிகம் என்பதால் அந்த அடுப்பின் முனைத்துளை சிறியது. அதையே குழாயில் மாட்டினால் சுடர் எழும்பாது, கஞ்சிகூடக் கொதிக்காது. அடுப்பை மாற்ற வேண்டும். குழாய் வேலையை உரிமம் பெற்றவர்தான் செய்யலாம். அதற்கு முன் கணக்குத் திறந்து வைப்புத்தொகை கட்ட வேண்டும். இதெல்லாம் முடியும்வரை பிஸ்கட்டும் மைலோவும்தான் சாப்பாடு. நீரிழிவுக்காரருக்கு!

அடையாள அட்டையில் முகவரியை 28 நாளுக்குள் மாற்ற வேண்டும். அரசாங்க இணையச் சேவைகளில் நுழைய உதவும் சிங்பாஸ் என்றாலே தெரியாதவருக்கு அதை யார் செய்து கொடுப்பது?

'சமூகப் பங்காளிகள்' என்று எங்களுக்குப் பட்டம் கொடுத்திருக்கிறீர்கள். பட்டம் வருகிறது, பட்டியல் வருவதில்லை. எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்று கதவு கதவாகத் தட்டித்தான் தெரிந்துகொள்கிறோம். தகவல் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன என்றால், வீடு தேர்வுப் படிவத்திலேயே ஒரு சம்மதக் கட்டம் போடுங்கள். போதும்.

முன்கூட்டியே சொன்னால் செய்தி கசிந்து விலை ஏறும் என்பீர்கள். சொந்த வீடுகளுக்கு அது சரி. வாடகை வீட்டை யார் வாங்கி விற்கப் போகிறார்கள்?

1958ல் கட்டிய டக்கோட்டா கிரசென்ட் வாடகை புளோக்குகளைக் காலி செய்ய 2014ல் அறிவிப்பு வந்தது. பலர் காசியா கிரசென்ட்டுக்குக் குடிபெயர்ந்த பிறகும் தொண்டூழியர்கள் அவர்களை விடாமல் போய்ப் பார்த்தார்கள். ஆகவே எங்கள் கோரிக்கை இரண்டே: அறிவிக்கும் நாளிலேயே எங்களைச் சேருங்கள், குடியேறி ஆறு மாதம் வரை அந்தப் பணிக்கு நிதி கொடுங்கள்.

நாளை வெர்ஸ் வரும்; அது பழைய சொந்த வீடுகளைக் குத்தகை முடியுமுன்பே அரசாங்கம் திரும்ப வாங்கும் விருப்பத் திட்டம். 70 ஆண்டான வீட்டின் மிச்சக் குத்தகைக்கு என்ன கிடைக்கும் என்று புரிந்துகொண்டு குடியிருப்பாளர்கள் வாக்களிக்க வேண்டும். அதை அவரவர் மொழியில் விளக்கவும் மூன்று வாரம்தானா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த அறிவிப்புக்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். சம்மதக் கட்டத்துக்கான வாசகத்தை நான்கு மொழிகளிலும் எழுதி எடுத்துவருகிறோம்.

இப்படிக்கு,
வாடகை புளோக்குகளில் பணியாற்றும் தொண்டூழியர்கள்