டப்பாவும் வரப்புக் கல்லும்

அன்புள்ள மாப்ளே,

போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே விழுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. கட்டையன் பெண்ணுக்கு ஆற்காட்டில் இடம் முடிந்துவிட்டது, தை மாசம் கல்யாணம். வரவில்லையென்றால் அவன் பழையபடி சைக்கிள் கதையை எடுப்பான், பார்த்துக்கொள்.

முதலில் உன் பையன் விஷயம். லீவுக்கு வந்தவன் ஒடுகத்தூர் கொல்லையில் நாம் ஒளித்து வைத்த டப்பாவைத் தேடிக் கிடைக்காமல் போய்விட்டான். இடம் காட்டும் அந்த மஞ்சள் ஜிபிஎஸ் கருவியைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறானாம். கருவி மேல் தப்பில்லை. அட்சரேகையில் நான் கொடுத்தது 46.300 நிமிஷம். ஜியோகேஷிங்கில், அதாவது ஒளித்த டப்பாவை ஜிபிஎஸ் வைத்துத் தேடும் இந்த விளையாட்டில், டிகிரி, நிமிஷம், அப்புறம் நிமிஷத்துக்கு மூன்று தசமம் என்றுதான் எழுதுவார்கள். அவன் அதை 46 நிமிஷம் 30 விநாடி என்று போட்டிருக்கிறான். .300 நிமிஷம் என்பது 18 விநாடிதான். 12 விநாடி கூடினால் வடக்கே 370 மீட்டர் தள்ளிப்போகும். பாவம், அரை நாள் பூரா ரெட்டியார் கிணற்று மேட்டைத் துழாவியிருக்கிறான்!

சரியாகப் போட்டாலும் கடைசிப் பத்து மீட்டரில் திரையைப் பார்க்கக் கூடாது என்று அவனிடம் சொல். இந்த மஞ்சள் கருவியில் திசைகாட்டி கிடையாது. நாம் நடக்கிற போக்கை வைத்துத்தான் அம்பைக் காட்டும். புளியமரத்தடியில் நின்றுவிட்டால் அதற்குத் திசை தெரியாமல் அம்பு சுற்ற ஆரம்பித்துவிடும். மேலே இலை அடைசல், பக்கத்தில் பாறை. செயற்கைக்கோள் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வந்தால் தூரக் கணக்கே மாறும். அங்கே கருவியைப் பையில் போட்டுவிட்டு, ஒரு ஆள் டப்பாவை எங்கே சொருகுவான் என்று கண்ணால் தேட வேண்டும். ஒளித்தபோது நான் எடுத்த அளவில் கொஞ்சம் பிசகு, தேடுகிறவன் அளவில் கொஞ்சம் பிசகு, இரண்டும் சேரும் இல்லையா?

தேதியை இருபது வருஷம் பின்னால் காட்டுகிறது என்றும் சிரித்தானாம். ஜிபிஎஸ் வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டுப் பூஜ்யத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியது. பழைய கருவிகளில் தேதிதான் குழம்பும், இடம் அதனால் மாறாது. 2000 மே மாதத்துக்கு முன்னால் பொதுமக்கள் சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை கலந்திருந்தது, நூறு மீட்டர் வரை தப்பும். அதை நிறுத்திய மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகனில் ஒரு வாளியை ஒளித்து வைத்தார். இந்த விளையாட்டு பிறந்ததே அப்படித்தான். பையனுக்கு இதையும் சொல், அந்தப் பழைய கருவி மேல் கொஞ்சம் மரியாதை வரட்டும்.

சரி, இப்போது உன் விஷயம். நீ அனுப்பிய மெசேஜின் கடைசி வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. நிலத்தைப் பாகம் பிரிக்க நாலு மூலையையும் இந்த ஜிபிஎஸ்ஸிலேயே குறித்து அனுப்பு, தம்பியிடம் காட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பிள்ளைக்கு அதன் மேல் துளி நம்பிக்கை இல்லை, அப்பனுக்கோ அளவுக்கு மீறி இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஈசானிய மூலைக் கல்லைப் பார்த்துவிட்டு வந்தேன். பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. தேங்காய் நாரால் தேய்த்ததும் தலையில் போட்ட குறி தெரிந்தது. அதன் மேலேயே கருவியை வைத்துக் காலையில் ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு எடுத்தேன். கல் அதே கல்தான், கடைசி இலக்கம் மட்டும் நாலு மாறியிருந்தது. வடக்கு தெற்கில் அந்த இலக்கம் ஒன்றுக்கு 1.85 மீட்டர், ஆக ஏழு மீட்டருக்கு மேல். இரண்டு தடவையும் திரை என்னவோ துல்லியம் 5 மீட்டர் என்றுதான் சொன்னது. அது கருவி தானாகப் போடும் மதிப்பீடு, அதை வைத்து யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது.

உங்கள் மேல் வரப்பு ஏறக்குறைய நூறு மீட்டர் இருக்கும். கோடு முழுக்க ஐந்து மீட்டர் ஒரு பக்கம் தள்ளிப்போனால் 500 சதுர மீட்டர், 12 சென்ட்டுக்கு மேல். உங்கள் அப்பா மல்லாட்டை போட்ட நிலத்தில் 12 சென்ட் யாருக்குப் போனாலும் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நிற்காது. அவர் படுக்கையில் கிடந்தபோது உங்கள் இருவர் கையையும் சேர்த்துப் பிடித்திருந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன்டா. போனில் எடுத்துக்கொள்கிறேன் என்று கிளம்பாதே, இந்த வேலைக்கு அதுவும் ஆகாது.

எஃப்.எம்.பி. என்கிற நில அளவைப் புத்தகப் படத்தில் இருப்பது கல்லுக்குக் கல் நிலத்திலேயே அளந்த நீளம். சர்வேயர் வந்து அந்தக் கற்களிலிருந்து அளந்து, புதுக் கல் நட்டு, உட்பிரிவு செய்து தரட்டும். பட்டா நகலை எனக்கு அனுப்பு. மனு நகரும்வரை அணைக்கட்டு தாலுகா ஆபீஸுக்கு நான் அலைகிறேன், செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், காட்பாடியில் வேலை இருக்கிறது. அளக்க வருகிற அன்று நீயும் தம்பியும் இரண்டு பேரும் அங்கே இருக்க வேண்டும். அவனிடம் நீயே பேசு, உன் வீட்டுக்காரியை விட்டுப் பேசச் சொல்லாதே.

அன்புடன்,
உன் மாப்ளே
வேலூர்