ரோடு போடுவதற்கு முன்: தமிழ்ச்செல்விக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தமிழ்ச்செல்விக்கு,

உன் கடிதமும், வார்டு உறுப்பினராக நீ போகவிருக்கும் நகர்மன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியல் நகலும் வந்து சேர்ந்தன. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. மருந்து விடும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி பிளஸ் டூ முடித்துவிட்டாள், சிவில்தான் எடுப்பேன் என்கிறாள்.

பட்டியலை முழுக்கப் படித்தேன். பாதிக்கு மேல் ‘மன்றத்தின் பதிவுக்கு’, ‘தலைவரின் முன் அனுமதிக்குப் பின்னேற்பு’ என்று இருக்கிறது. மோட்டார் ரீவைண்டிங், பிளீச்சிங் பவுடர், தெருவிளக்குச் சாமான். அவற்றில் விலையை மட்டும் பார்த்தால் போதும். நீ நிறுத்திப் படிக்க வேண்டியவை மூன்று: வடக்குத் தெருக்களுக்குப் பேவர் பிளாக் சாலை, பாதாளச் சாக்கடைக்கு விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க ஒப்புதல், பைபாஸ் பக்கம் ஐந்து ஏக்கர் மனைப்பிரிவு. மூன்றுக்கும் தனித்தனி எண் கொடுத்து, மூன்றையும் ஒரே கூட்டத்தில் வைத்திருக்கிறார்கள். இவற்றில் எது முன்னால் நடக்க வேண்டும், நடந்த பிறகு வருஷா வருஷம் யார் காசில் ஓடும் என்ற இரண்டும் எந்தக் குறிப்பிலும் இல்லை. அந்த இரண்டையும் நீதான் கேட்க வேண்டும்.

முதலில் பேவர் பிளாக். அந்தத் தெருக்களின் அடியில் இருப்பது பழைய ஏ.சி. குழாய், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய். மேலே ரோலர் ஓடினாலே இணைப்பில் விரிசல் விடும். அதன் மேல் புதுச் சாலை போட்டால் ஆறு மாதத்தில் கசிவு, பிறகு வெட்டு, பிறகு பள்ளம். எனவே குழாய் மாற்றும் வேலை முடியாமல் அந்தத் தெருக்களில் சாலை வேண்டாம் என்று சொல். பகிர்மானக் குழாய்க்கு டி.ஐ. எனும் டக்டைல் இரும்புக் குழாய் அல்லது ஹெச்.டி.பி.இ. எனும் பிளாஸ்டிக் குழாய், அதன் மேல் ஒரு மீட்டர் மண் மூட்டம். மூடுவதற்கு முன் வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு அழுத்தம் ஏற்றிச் சோதனை. பல இடங்களில் இந்தச் சோதனை, செய்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தில் மட்டுமே நடக்கிறது. எந்தத் தெருவில் எந்தத் தேதியில் சோதனை என்று முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லி, நேரில் போய் நில்.

அதைவிட முக்கியம் வீட்டு இணைப்பு. மெயின் குழாயை மாற்றிவிட்டு, பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) இணைப்பை அப்படியே அதில் மாட்டிவிடுவார்கள். அந்தத் தெருவில் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் குனிந்து பார். அரை அங்குலக் குழாய் திறந்த சாக்கடையைக் குறுக்கே கடந்து, சாக்கடைச் சுவருக்குள் நுழையும் இடத்தில் துருப்பிடித்துச் செதில் செதிலாக உரிந்திருக்கும். தண்ணீர் விடும்போது அங்கே கசியும். நிறுத்தியதும் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகிச் சாக்கடை நீரை உள்ளே இழுக்கும். மறுநாள் முதல் குடத்தில் நாற்றம் வருகிறது என்று வார்டில் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, காரணம் பெரும்பாலும் இதுதான். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் தொட்டியில் கூடுதலாகக் கொட்டித் தீராது, வழியில் எங்கே அழுக்கு சேர்கிறது என்று தேட வேண்டும். எஸ்டிமேட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் புது இணைப்பு, அதுவும் சாக்கடைக்கு மேலே கவசக் குழாய்க்குள் போகும்படி இருக்கிறதா என்று பார்.

பேவர் பிளாக் பற்றிச் சுருக்கமாக. ஆட்டோவும் டிராக்டரும் போகும் தெருவுக்கு 80 மி.மீ. கனம், எம்-40 கான்கிரீட் தரம். 60 மி.மீ. கல் நடைபாதைக்கும் வண்டி அதிகம் போகாத சந்துக்கும்தான். இரு ஓரமும் கான்கிரீட் விளிம்பு இல்லாவிட்டால் கல் பக்கவாட்டில் நகர்ந்து இடைவெளி விடும். இன்னொன்று மட்டம். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதமே தலைமைச் செயலர் எல்லாத் துறைகளுக்கும் அறிவுறுத்தியிருக்கிறார். எஸ்டிமேட்டில் சுரண்டுவதற்கும் தோண்டுவதற்கும் அளவு காட்டியிருக்கிறதா என்று பார். இல்லையென்றால் மழைக்காலத்தில் தண்ணீர் வீடுகளுக்குள்தான் போகும்.

இனிப் பாதாளச் சாக்கடை. இதைப் பற்றித்தான் உன்னிடம் அதிகம் சொல்ல வேண்டும். இதில் ஒரு தடவை கையெழுத்துப் போட்டால் முப்பது வருஷத்துக்குக் கட்டுப்பட்டாய்.

ஊரில் 60,000 பேர் என்று வைத்துக்கொள். பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு மத்திய அரசின் பொறியியல் கையேடு சொல்வது நபருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். அப்படியானால் 81 லட்சம் லிட்டர் வேண்டும். அதில் 80 சதவீதம் கழிவுநீர் என்றால் 65 லட்சம் லிட்டர். திட்ட அறிக்கை இந்தக் கணக்கில்தான் குழாய் விட்டத்தையும் சுத்திகரிப்பு நிலையத்தையும் வடிவமைக்கும். உங்கள் ஊரில் இப்போது உண்மையில் கிடைப்பது 75 லிட்டர் என்றால், வரப்போகும் கழிவுநீர் 36 லட்சம் லிட்டர்தான். குழாயில் வண்டல் தங்காமல் ஓட வேண்டுமென்றால் உச்ச நேரத்திலாவது விநாடிக்கு 0.6 மீட்டர் வேகம் வேண்டும். தண்ணீர் பாதியாகக் குறைந்தால் தெருமுனைக் குழாய்களில் அந்த வேகம் வராது. மலமும் மணலும் தங்கி, மேன்ஹோல் பொங்கும். குடிநீர்த் திட்டம் ஒழுங்காகாத ஊரில் பாதாளச் சாக்கடை அடைத்துக்கொள்வது இதனால்தான். ஆகவே குழாய் மாற்றம் முதலில், சாக்கடை அடுத்து, சாலை கடைசியில்.

உங்கள் ஊர் கடைமடைச் சமதளம். 200 மி.மீ. குழாய்க்கு 250 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு என்று வைத்தால், ஒரு கிலோமீட்டரில் நான்கு மீட்டர் இறங்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் தொடங்கிய குழாய் ஐந்து மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். அங்கே நிலத்தடி நீர் எட்டிப் பார்க்கும், பள்ளச் சுவர் சரியும், பக்கத்து வீட்டு அஸ்திவாரம் ஆடும். அந்த ஆழத்துக்குப் போகாமல் இருக்க நடுநடுவே கழிவுநீர் ஏற்று நிலையம் வைப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் இடம், ஜெனரேட்டர், ஆள், மின்கட்டணம். எல்லா நிலையங்களிலும் சேர்த்து மொத்தம் 30 மீட்டர் ஏற்றுவதாக வைத்துப் பார். 65 லட்சம் லிட்டருக்கு, பம்ப் செட் திறன் 65 சதவீதம் என்றால், நாளுக்குச் சுமார் 820 யூனிட் ஆகும். யூனிட் எட்டு ரூபாய் என்றால் வருஷத்துக்கு 24 லட்சம் ரூபாய். இது பம்பு மட்டும். சுத்திகரிப்பு நிலையத்தில் காற்று ஊதும் ப்ளோயர், ஆட்கள், கடன் தவணை எல்லாம் இதற்கு மேல். திட்ட அறிக்கை தயாரிக்கும் ஆலோசகரிடம் இந்த வருடாந்திரக் கணக்கைத் தனித் தாளில் கேள்.

பணத்தை முன்கூட்டியே யோசித்த நகராட்சிக்கு நல்ல எடுத்துக்காட்டு ஆலந்தூர். சென்னை மாநகராட்சியோடு சேர்வதற்கு முன் அது தனி நகராட்சி. 1996இல் ஆர்.எஸ்.பாரதி தலைவரானபின் எடுத்த பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக இடத்துக்கு 10,000 ரூபாய் வைப்புத்தொகை, அதோடு வீட்டுக்கு மாதம் 150 ரூபாய் கட்டணம் என்று நிர்ணயித்துத் தெருத்தெருவாக மக்களிடம் பேசினார்கள். 120 கிலோமீட்டர் குழாய், சுமார் 34 கோடி ரூபாய்த் திட்டம், பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையம். பணம் கட்டியவர்கள் இணைப்பு எப்போது என்று நகராட்சியைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அதனால் வேலை நிற்காது. குழாய் புதைத்துவிட்டுப் பிறகு இணைப்புக்கு வா என்று கூப்பிடும் ஊர்களில், செப்டிக் டேங்க் வைத்திருப்பவர் வரமாட்டார். மொட்டை மாடி மழைநீரைக் கள்ளத்தனமாக இணைப்பவர் மட்டும் வருவார்.

இன்னொரு செலவையும் முதலிலேயே சேர்க்கச் சொல்: ஜெட்டிங் வண்டி, உறிஞ்சும் வண்டி. பாதுகாப்புக் கருவியும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் மனிதரை மேன்ஹோலுக்குள் இறக்குவது 2013 சட்டத்தின்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வண்டி பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கும் ஊரில், முதல் அடைப்பிலேயே யாரோ ஒரு ஏழைப் பையனை இறக்குவார்கள். இந்த ஒன்றில் நீ துளியும் விட்டுக்கொடுக்காதே.

பாதாளச் சாக்கடைதான் ஒரே வழி என்றும் இல்லை. மத்திய அரசின் நகர்ப்புறக் குடிநீர், கழிவுநீர்த் திட்டமான அம்ருத் 2.0இல் குடிநீருக்கு எல்லா ஊருக்கும் இடம் உண்டு, ஒரு லட்சத்துக்குக் குறைந்த மக்கள் உள்ள ஊருக்கு மத்திய அரசு பாதிச் செலவு தரும். சாக்கடைக்கோ முதல் அம்ருத்தில் இருந்த 500 நகரங்களுக்கே பணம். உங்கள் ஊர் அதில் இல்லை. அப்படியானால் மிச்சம் கடன்தான். செப்டிக் டேங்கிலிருந்து உறிஞ்சும் கசடுக் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழிப் பேரூராட்சியில் ஒன்று 2017 முதல் ஓடுகிறது. 15,000 வீட்டுச் செப்டிக் டேங்கை மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் உறிஞ்சினால் வருஷத்துக்கு 5,000 வண்டி, வேலை நாளுக்குப் பதினேழு. வண்டிக்கு 5,000 லிட்டர் என்றால் நாளுக்கு 85,000 லிட்டர் கசடு. 65 லட்சத்தோடு வைத்துப் பார்த்தால் செலவு எவ்வளவு குறையும் என்று தெரியும். குளியலறை, சமையலறைத் தண்ணீர் அப்போதும் திறந்த வடிகாலில்தான் ஓடும். வடிகால் முடியும் இடத்தில் அதற்கும் ஒரு ஏற்பாடு வேண்டும்.

கடைசியாக மனைப்பிரிவு. இதில்தான் ஊர் சொத்து சத்தமில்லாமல் போகும். 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளி ஒதுக்கீடு. 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பைக் கட்ட இடமுண்டு, அதற்கு மேல் நிலமாகவே தர வேண்டும். ஐந்து ஏக்கர் என்பது 20,234 சதுர மீட்டர். சாலைக்குக் கால்வாசி போனால் மீதி 15,175, அதில் பத்து சதவீதம் கிட்டத்தட்ட 37 சென்ட். அது எங்கே காட்டப்பட்டிருக்கிறது? வாய்க்கால் ஓரத்து முக்கோணத் துண்டா, மின்கோபுரத்துக்கு அடியிலா, குழந்தைகள் நடந்து போகக்கூடிய இடத்திலா? இந்த அளவு மனைப்பிரிவில் மின்வாரியத்துக்கு அரை சதவீதம், நகராட்சிக்கு அரை சதவீதம் தனியாகவும் தர வேண்டும். அதில் டிரான்ஸ்பார்மருக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் இடம் கிடைக்கும். பின்னால் இடம் தேடி அலைய வேண்டாம்.

3,000 சதுர மீட்டர் என்பது 74 சென்ட். அதனால் அண்ணன் பெயரில் 70 சென்ட், மைத்துனர் பெயரில் 70 சென்ட் என்று துண்டு போட்டு வருவார்கள். பக்கத்துப் புல எண்களில் முந்தைய அனுமதிகள் எவை என்று நகரமைப்புப் பிரிவில் கேட்டால் வெளிப்பட்டுவிடும்.

சாலையும் பூங்காவும் நகராட்சிக்குத் தானப் பத்திரமாகப் பதிவான பிறகே இறுதி அனுமதி. பத்திரம் பதிந்ததோடு கோப்பை மூடிவிடுவதுதான் வழக்கமான கோளாறு. பட்டா, நகராட்சி ஆணையாளர் பெயருக்கு மாறாவிட்டால் வருவாய்த் துறைப் பதிவில் அந்த இடம் பழைய உரிமையாளர் பெயரிலேயே நிற்கும். இருபது வருஷம் கழித்து அவருடைய வாரிசு விற்பார், வாங்கியவர் வீடு கட்டுவார், நகராட்சி வழக்காடும். தீர்மானத்திலேயே ‘பட்டா மாற்றம், கம்பி வேலி, பெயர்ப் பலகை முடிந்த பின்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல். அந்த ஐந்து ஏக்கரின் கிழக்கே ஓடும் வாய்க்கால் புல வரைபடத்தில் எவ்வளவு அகலம், மனை வரைபடத்தில் எவ்வளவு அகலம் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து பார். புது மனைகளுக்கு எந்தத் தொட்டியிலிருந்து தண்ணீர், கழிவுநீர் எங்கே போகும் என்று எழுத்தில் பதில் வாங்கு. இல்லாவிட்டால் உன் வார்டுத் தொட்டியிலிருந்துதான் பிரித்துக் கொடுப்பார்கள்.

கூட்டத்தில் பேச நேரம் கொடுக்கமாட்டார்கள் என்று எழுதியிருந்தாய். முன்னதாகவே ஆணையாளருக்கு எழுத்துமூலம் கேள்விகளைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள். சாலைப் பொருளைத் தள்ளிவைக்க மறுத்தால், உன் ஆட்சேபணையைக் காரணத்தோடு தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல். கூட்டம் முடிந்த பிறகு அது எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசித்துப் பார்.

குழாய் மாற்ற எஸ்டிமேட்டின் நகல் கிடைத்தால் அனுப்பு. கூடவே அந்த ஐந்து ஏக்கரின் புல வரைபடமும். வாய்க்கால் அளவை நானும் ஒரு தடவை பார்த்துச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
கலா